‘வளர்ச்சி இல்லை’ என்று எழுதுமுன்: யாழ்ப்பாண ஆய்வுகூடப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

வைத்தியசாலை, பல்கலைக்கழக ஆய்வுகூடங்களுக்குப் பொறுப்பாக இருப்பவர்களுக்கும், அவற்றுக்குக் கருவி வாங்கக் கேள்விப்பத்திரம் எழுதும் தொழில்நுட்ப மதிப்பீட்டுக் குழுவினருக்கும்,

வணக்கம்.

வயிற்றுக்குள் இருந்து எடுத்த சீழை ஊடகத்தட்டில் தீற்றி, ஒட்சிசன் இல்லாத சேம்பருக்குள், அதாவது காற்றுப் புகாத வளர்ப்புப் பெட்டிக்குள், 48 மணித்தியாலம் வைக்கிறோம். தட்டில் எதுவும் முளைக்காவிட்டால் ‘வளர்ச்சி இல்லை’ என்று அறிக்கை போகிறது. மாதிரியில் காற்றின்றி வாழும் பக்டீரியா இல்லாதிருந்தாலும் இதே அறிக்கைதான். பக்டீரியா இருந்து, நள்ளிரவில் கரண்ட் போன நேரத்தில் உள்ளே கசிந்த ஒட்சிசனால் செத்துப்போயிருந்தாலும் இதே அறிக்கைதான். தட்டைப் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது. அறிக்கையை வாசிக்கும் வைத்தியர் அதை நம்பி, அந்தப் பக்டீரியாவைக் கொல்லும் மெற்றோனிடசோல் மருந்தை நிறுத்தக்கூடும்.

அந்த 48 மணித்தியாலமும் சேம்பருக்குள் ஒட்சிசன் எவ்வளவு, வெப்பநிலை எவ்வளவு, ஈரப்பதன் எவ்வளவு என்று நிமிடத்துக்கு நிமிடம் எழுதப்பட்ட ஒரு பதிவு இருந்தால் மட்டுமே அந்த அறிக்கைக்குக் கால் இருக்கும். இனி வாங்கப்போகும் ஒவ்வொரு சேம்பரோடும், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் சேம்பர்களோடும், சேம்பரின் சொந்தக் கட்டுப்பாட்டுப் பெட்டியில் தங்கியிராத ஒரு பதிகருவி, அதாவது அளவீடுகளைத் தானாகவே பதிந்து வைக்கும் கருவி, இருக்க வேண்டும். இதைக் கேட்கவே இந்த மடல். கட்டுப்பாட்டுப் பெட்டியின் உணரி ஒரு பாகை பிசகினால், பெட்டி அந்தப் பிசகிய உணரியை நம்பி ஹீற்றரை இயக்கும். திரையில் 37.0 என்றே நிற்கும். தன் பிழையைத் தானே காட்டிக்கொடுக்க அதனால் முடியாது. அதனால்தான் இரண்டாவது உணரி, தனி வயர், தனி மின்வழி என்று கேட்கிறோம்.

சுவரில் தொங்கும் தாளில் காலை 8 மணிக்கும் பிற்பகல் 4 மணிக்கும் எழுதப்படும் எண்கள் இந்தத் தேவைக்குப் போதா. நிமிடத்துக்கு ஒன்று என்று அளந்தால் நாளுக்கு 1440 அளவீடு. தாளில் இருப்பது அதில் 2. அந்த இரண்டும் ஆட்கள் நிற்கும் நேரத்தில், ஏசி ஓடும் நேரத்தில் எடுத்தவை. உள்ளே வைக்கும் நிறங்காட்டித் தாளும் இந்த இடத்தில் உதவாது. அதிலுள்ள ரெசசூரின் சாயம் ஒட்சிசன் பட்டால் இளஞ்சிவப்பாகும், ஒட்சிசன் போனால் மீண்டும் நிறமற்றுப் போகும். இரவு 2 மணிக்குச் சிவந்த தாள் காலை 8 மணிக்கு வெள்ளையாகவே இருக்கும். அது அந்தக் கணத்துக்கு மட்டும் சாட்சி.

எங்கள் ஊரின் சூடு இதில் ஒரு தனிச் சிக்கலைத் தருகிறது. குளிர்நாட்டில் கரண்ட் போனால் 18 பாகை அறையில் இருக்கும் சேம்பர் விரைவாகக் குளிரும், வெப்பநிலைப் பதிவே நடந்ததைச் சொல்லிவிடும். யாழ்ப்பாணத்தில் ஏசி நின்ற அறை மேலே ஏறி 30 பாகையைத் தொடும். 37 பாகையில் இருந்த சேம்பர் இரண்டு மணித்தியாலத்தில் சில பாகைதான் இறங்கும், கரண்ட் வந்ததும் எழும்பிவிடும். ஆனால் அதே நேரத்தில் வாயு வால்வுகள் மூடிக்கொண்டன, உள்ளே வரும் ஒட்சிசனைத் தீர்க்கும் ஊக்கியின் ஊடாகக் காற்றைச் சுழற்றும் விசிறி நின்றுவிட்டது. கையை நுழைத்து வேலை செய்யும் உறைகளின் ஊடாகவும் இறப்பர் விளிம்புகளின் ஊடாகவும் ஒட்சிசன் மெல்ல நுழைகிறது, அதை எரித்துத் தீர்க்க யாருமில்லை. ஆகவே இங்கே வெப்பநிலையை மட்டும் பதிவது போதாது. முதலில் ஒட்சிசன், அடுத்து ஈரப்பதன், அதன் பிறகே வெப்பநிலை என்று வரிசைப்படுத்துங்கள். அறையின் வெப்பநிலையையும் பதிவில் ஒரு தனிப் பத்தியாகச் சேருங்கள். பெரும்பாலான சேம்பர்களால் சூடாக்கத்தான் முடியும், குளிராக்க முடியாது. ஏசி பழுதாகி அறை 34 பாகைக்குப் போனால், விசிறியும் விளக்கும் தரும் சூடு சேர்ந்து உள்ளே 37ஐத் தாண்டிவிடும்.

ஈரப்பதனை இரண்டாவதாக வைத்ததற்குக் காரணம் உண்டு. பொதுவாகப் பாவிக்கும் வாயுக்கலவை 10% ஐதரசன், 10% காபனீரொட்சைட்டு, 80% நைதரசன். சிலர் ஐதரசனை 5% ஆக வைப்பார்கள். உள்ளே வரும் ஒட்சிசனைப் பல்லேடியம் ஊக்கி ஐதரசனோடு சேர்த்துத் தண்ணீராக்குகிறது. ஒரு லீற்றர் ஒட்சிசன், அதாவது ஏறத்தாழ 5 லீற்றர் காற்று கசிந்து வந்தால், ஏறக்குறைய 1.5 மில்லிலீற்றர் தண்ணீர் உண்டாகும். ஊக்கி நன்றாக இருக்கும்வரை ஒட்சிசன் அளவீடு பூச்சியத்துக்கு அருகிலேயே இருக்கும், கசிவு வெளியே தெரியாது. ஆனால் தண்ணீர்த் தட்டை யாரும் நிரப்பாமலே ஈரப்பதன் 65 இலிருந்து 70, 70 இலிருந்து 76 என்று நாளுக்கு நாள் ஏறும். அப்படி ஏறினால் உறையின் மணிக்கட்டு விளிம்பைப் பாருங்கள், பிறகு தட்டுகளை உள்ளே விடும் இடையறையின் கதவிலுள்ள இறப்பர் வளையத்தைப் பாருங்கள். ஒட்சிசன் உயர்ந்து அலாரம் அடிப்பதற்குப் பல நாட்களுக்கு முன்பே இந்தக் கோடு கசிவைச் சொல்லிவிடும்.

ஒட்சிசன் உணரியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தவறான வகையை வாங்கினால் பதிகருவி இல்லாததைவிட மோசமாகிவிடும்.

சிர்க்கோனியா உணரி சூடாக்கி இயங்குவது. ஐதரசன் உள்ள வாயுவில் அதன் சூடான மேற்பரப்பிலேயே ஐதரசனும் ஒட்சிசனும் எரிந்து தீர்ந்துவிடும், காட்டும் எண் உண்மையைவிடக் குறைவாக வரும். ஐதரசன் இல்லாத, 1% அல்லது 5% ஒட்சிசனில் உயிரணு வளர்க்கும் சேம்பருக்கு அது நல்ல உணரி. காற்றின்றிய சேம்பருக்கு வேண்டாம். ஈயம் தேயும் மின்வேதி உணரி விலை குறைந்தது. ஆனால் காரக் கரைசல் உள்ள வகையைக் காபனீரொட்சைட்டு கெடுத்துவிடும், அமிலக் கரைசல் வகையைத்தான் கேட்டு வாங்க வேண்டும். ஓரிரு வருடத்தில் அது எப்படியும் தீர்ந்துபோகும். ஒளியியல் உணரி, அதாவது ஒட்சிசன் பட்டால் ஒளிர்வு மங்கும் சாயப்பொட்டு உள்ளது, ஐதரசனாலும் காபனீரொட்சைட்டாலும் ஈரப்பதனாலும் குழம்பாது. விலை கூட. எங்கள் தெரிவு இதுதான். குளோரீன் தரும் தொற்றுநீக்கியும் கரைப்பான் ஆவியும் அதன் பொட்டுக்கு ஆகா என்பதால், சேம்பரைக் கழுவும்போது அதைக் கழற்றி வெளியே வைக்க வேண்டும்.

வீச்சையும் பாருங்கள். 0 முதல் 25% வரை அளந்து 0.1% பிழை விடும் உணரி, பூச்சியம் காட்டும்போது உள்ளே மில்லியனில் 1000 பங்கு ஒட்சிசன் இருக்கலாம். சேம்பரில் நாம் பார்க்க வேண்டியது மில்லியனில் 100 பங்கு, அதாவது 0.01% என்ற மட்டம். சிற்றளவு வீச்சு உணரி என்று கேள்விப்பத்திரத்தில் எழுதாவிட்டால் மலிவானதுதான் வரும்.

இன்னொன்று இருக்கிறது, எல்லாவற்றிலும் ஆபத்தானது. வேறு எந்தக் கருவியிலும் வயர் அறுந்தால் 0 என்ற அளவீடு உடனே சந்தேகத்தைக் கிளப்பும். காற்றின்றிய சேம்பரில் 0 என்பதுதான் நாம் விரும்பும் எண். அறுந்த வயர், செத்த உணரி, கழன்ற பிளக் எல்லாமே மிகச் சிறந்த வளிமண்டலம் போலவே பதிவில் தோன்றும். ஆகையால் பூச்சிய வோல்ற்றில் தொடங்கும் வெளியீடு வேண்டாம், 4 முதல் 20 மில்லியம்பியர் வெளியீடு வேண்டும். பூச்சிய ஒட்சிசனுக்கு 4 மில்லியம்பியர் ஓடும். மின்னோட்டம் 3.6க்குக் கீழே போனால் அது பழுது, ஒட்சிசன் இல்லாமை அல்ல. பதிகருவியும் அந்த இடத்தில் 0 என்று எழுதாமல் ‘பழுது’ என்று எழுத வேண்டும்.

உணரி உயிரோடு இருக்கிறதா என்று கிழமைக்கு ஒரு தடவை அறைக்காற்றில் காட்டிப் பார்க்க வேண்டும். அங்கேயும் ஒரு தவறு நடக்கிறது. புத்தகத்தில் காற்றில் ஒட்சிசன் 20.9% என்று இருக்கும், அது உலர் காற்றுக்கு. 30 பாகையும் 80% ஈரப்பதனும் உள்ள எங்கள் காற்றில் நீராவி தன் பங்கை எடுத்துக்கொள்வதால் ஒட்சிசன் ஏறக்குறைய 20.2% தான். ஏசி அறையில் 24 பாகை, 55% ஈரப்பதன் என்றால் 20.6%. திரை 20.2 காட்டியதும் உணரி பிழை என்று எண்ணி, பொத்தானை அழுத்தி 20.9 ஆக்கிவிட்டால் அதன் பிறகு வரும் எல்லா எண்ணும் நூற்றுக்கு 3 அளவில் உயர்ந்து நிற்கும். காற்றின்றிய வேலையில் இது சிறிய பிழை. 5% ஒட்சிசன் தேவைப்படும் கம்பைலோபக்டர் என்ற பக்டீரியாவின் வளர்ப்பிலும், குறை ஒட்சிசனில் உயிரணு ஆராயும் வேலையிலும் சிறியதல்ல.

காபனீரொட்சைட்டுக்கு அகச்சிவப்பு உணரிதான் சரி. வெப்பக் கடத்துதிறனை அளந்து காபனீரொட்சைட்டைக் கணிக்கும் உணரி பல இன்கியுபேற்றர்களில் இருக்கிறது, அதைச் சேம்பருக்குள் கொண்டுவர வேண்டாம். ஐதரசன் காற்றைவிட ஏறக்குறைய 7 மடங்கு வெப்பத்தைக் கடத்தும், அதன் அளவு சற்று மாறினாலே அந்த உணரியின் கணக்கு குலைந்துபோகும். அகச்சிவப்பு வகையிலும் 0 முதல் 20% வீச்சு வேண்டும். வகுப்பறைக் காற்றை அளக்கச் செய்த மலிவான உணரிகள் மில்லியனில் 5000 பங்கில் நின்றுவிடும். அவற்றில் தானாகத் திருத்தும் ஏற்பாடு ஒன்றும் உண்டு. ஒரு கிழமையில் கண்ட மிகக் குறைந்த அளவை வெளிக்காற்று என்று எடுத்துக்கொண்டு, அதை மில்லியனில் 400 ஆக்கிவிடும். எப்போதும் 10% இல் இருக்கும் சேம்பரில் இது நாசம். அந்த ஏற்பாட்டை நிறுத்த முடியாத உணரியை வாங்கக் கூடாது. யாழ்ப்பாணம் கடல்மட்டத்தில் இருப்பதால் அமுக்கத் திருத்தத்தைப் பற்றி அதிகம் கவலைப்படத் தேவையில்லை.

வெப்பநிலைக்கு நான்கு வயர் பிளாற்றினம் தடைவெப்பமானி. 0 பாகையில் 100 ஓம், 37 பாகையில் 114.38 ஓம். இரண்டு வயரில் இணைத்தால் வயரின் தடையும் சேரும், ஒரு ஓம் கூடினாலே 2.6 பாகை பிழை. சந்தையில் மலிவாகக் கிடைக்கும் டீ.எஸ்.18பீ20 எண்முறை உணரியின் உத்தரவாதம் 0.5 பாகை, போலிகளும் நிறைய. போக்கைக் காண அது போதும், தீர்ப்புக்குப் போதாது. அதைப் பாவித்தால், பதிவில் சரியாக 85.0 என்று வருமிடத்தில் மின்சாரம் வெட்டி மறுபடி வந்து, உணரி அளக்கத் தொடங்குமுன் வாசிக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். ஆர்டுயினோ என்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகையின் நிரலில் -127 என்றால் வயர் கழன்றிருக்கிறது. இரண்டையும் சராசரியில் சேர்க்காதீர்கள்.

சரிபார்ப்பை இங்கேயே செய்யலாம். காய்ச்சி வடித்த நீரில் செய்த ஐஸை நொறுக்கி, அதே நீரைக் கொஞ்சம் விட்டு, ஃபிளாஸ்கில் நிரப்பி, உணரியை ஆழமாக இறக்கி அரை மணித்தியாலம் பொறுத்துப் பாருங்கள், 0.0 காட்ட வேண்டும். கிணற்றுநீர் ஐஸ் வேண்டாம். அதிலுள்ள உப்பு உறைநிலையைக் கீழே இறக்கும். ஈரப்பதன் உணரிக்குச் சோடியம் குளோரைட்டைச் சிறிது நீரில் சேறுபோலக் குழைத்து, மூடிய போத்தலில் உணரியோடு ஓர் இரவு வைத்தால் 75% காட்ட வேண்டும். மக்னீசியம் குளோரைட்டில் 37 பாகையில் 32%. ஆனையிறவு உப்பு சமையலுக்கு எவ்வளவு நல்லதானாலும் இந்தச் சோதனைக்கு ஆய்வுகூடத் தர உப்புத்தான் வேண்டும். சமையல் உப்போடு ஒட்டியிருக்கும் மக்னீசியம் எண்ணைக் கீழே இழுத்துவிடும்.

தண்ணீர்த் தட்டுக்கும் கிணற்றுநீர் ஆகாது. சுண்ணக்கல்லுக்குள் ஊறி வரும் எங்கள் தண்ணீர் தட்டிலும் ஆவியாக்கியிலும் வெள்ளைப் படிவை விட்டுவிடும், பிறகு ஈரப்பதன் கட்டுப்பாடு மந்தமாகும்.

உணரிகளை எங்கே வைப்பது என்பதில் பலர் தவறுகிறார்கள். தட்டுகள் அடுக்கியிருக்கும் உயரத்தில், விசிறிக் காற்று நேரே படாத இடத்தில் வைக்க வேண்டும். ஊக்கிக்கு அருகே வைத்தால் சூடும் ஈரமும் கூடவே காட்டும். வாயுவைக் குழாயால் வெளியே இழுத்து அளக்கும் முறை ஏசி அறைக்கு ஒத்துவராது. 37 பாகையில் 75% ஈரப்பதன் உள்ள வாயு 32 பாகையளவிலேயே பனிக்கத் தொடங்கும். 24 பாகை அறைக்குள் வந்த குழாயில் தண்ணீர் நின்று, அது உணரிக்குள் போய்விடும். முன்கண்ணாடியில் நீர் வடிவதும் இதே காரணத்தால்தான், ஈரப்பதனை 60 முதல் 70 வரை வைத்தால் குறையும்.

உணரியை உள்ளே வைத்தால் வயர் வெளியே வர வேண்டும். துளையைச் சிலிக்கனால் அடைத்துவிட்டு வேலை முடிந்தது என்று விடுகிறார்கள். பல மெல்லிய கம்பிகளை முறுக்கிய வயரில், கம்பிகளுக்கு இடையேயும் மேலுறைக்கு உள்ளேயும் காற்று நடக்கும். வெளியே எவ்வளவு அடைத்தாலும் வயரின் வயிற்றுக்குள்ளால் கசியும். ஆகவே வாயு புகாத, உள்ளே எப்பொக்சி ஊற்றி அடைத்த சுவர் இணைப்பி வேண்டும். சேம்பரை வாங்கும்போதே தொழிற்சாலையில் போட்டுத் தரச் சொன்னால் செலவு சிறிது. பிறகு துளைப்பது பெரிய வேலை, உத்தரவாதமும் போகும்.

இனிப் பதிகருவி. அது செய்ய வேண்டிய வேலை சிறியது, ஆனால் கரண்ட் இல்லாத நேரத்தில்தான் அந்த வேலை அதிகம் தேவை. 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் மின்சாரம் நின்றது, அது ஞாயிற்றுக்கிழமை. சேம்பரோடு ஒரே பிளக்கில் மாட்டிய பதிகருவி அந்த நேரங்களில் வெற்றிடத்தையே பதிந்திருக்கும். சேம்பர் முழுவதையும் யூ.பி.எஸ்.இல் ஓட்டப் பெரிய செலவு. பதிகருவிக்கு உணரிகளோடு சேர்த்து ஒன்றிரண்டு வாற்றுப் போதும். 12 வோல்ற்று, 7 அம்பியர்-மணி ஈய அமிலப் பற்றரியில் 84 வாற்று-மணி இருக்கிறது, பாதியை மட்டும் எடுத்தாலும் ஒரு வாற்றுக் கருவி ஒரு நாளுக்கு மேல் தாங்கும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பற்றரியை மாற்றுங்கள், இந்தச் சூட்டில் அது நீண்டு உழைக்காது. ஜெனரேற்றர் உள்ள இடங்களில், சேம்பரின் பிளக் ஜெனரேற்றர் வழியில் இருக்கிறதா என்று மின்பகுதியிடம் கேட்டு உறுதிசெய்யுங்கள். மின்சாரம் இருக்கிறதா இல்லையா என்பதையே ஒரு பத்தியாகப் பதிவது மிகப் பயன் தரும்.

கடிகாரம் பிழைத்தால் எல்லாம் பிழை. தட்டு உள்ளே போன நேரத்தையும் ஒட்சிசன் ஏறிய நேரத்தையும் பொருத்தித்தானே தீர்ப்புச் சொல்ல வேண்டும். டீ.எஸ்.3231 கடிகாரச் சில்லு வருடத்துக்கு ஒரு நிமிடமளவில்தான் பிசகும், அதுவே போதும். ஆனால் நீல நிற மலிவுத் தகட்டில் வரும் வகையில், நாணயப் பற்றரியைச் சார்ஜ் செய்யும் ஒரு தடை இருக்கிறது. சார்ஜ் செய்யக்கூடாத சீ.ஆர்.2032 பற்றரியைப் போட்டால் அது வீங்கும், கசியும். அந்தத் தடையைக் கழற்றிவிடுங்கள். இலங்கை நேரம் 2006 ஏப்ரல் 15இல் தான் மீண்டும் +05:30 ஆனது. அதற்கு முந்திய மென்பொருள் ஓடும் பழைய கணினி இன்னும் +06:00 என்று நினைத்துக்கொண்டிருக்கும், பதிவுகள் அரை மணித்தியாலம் தள்ளிப்போகும். நேரத்தை 2025-04-03 14:30:00 +05:30 என்ற ஒழுங்கில் எழுதச் செய்யுங்கள். 03/04/2025 என்று எழுதினால் ஏப்ரல் 3ஆ மார்ச் 4ஆ என்று யாருக்கும் தெரியாது, எக்செல் தன்பாட்டுக்கு மாற்றியும் வைக்கும்.

கோப்பு எந்தக் கணினியிலும் திறக்கும் சாதாரண சீ.எஸ்.வி. கோப்பாக, அதாவது காற்புள்ளியால் பிரித்த எழுத்துக் கோப்பாக, இருக்க வேண்டும். கம்பனியின் மென்பொருளும் அதன் சாவியும் இருந்தால்தான் திறக்கும் கோப்பு, அந்தக் கம்பனியின் முகவர் மாறும் நாளில் பூட்டிய பெட்டியாகிவிடும். நிமிடத்துக்கு ஒரு வரி, வரிக்கு 60 பைற் என்றால் ஒரு வருடத்துக்கு ஏறக்குறைய 32 மெகாபைற்றுத்தான், நினைவகம் போதாது என்ற பேச்சுக்கு இடமில்லை. ஒவ்வொரு வரியும் எழுதியவுடன் கோப்பை மூட வேண்டும், நாளுக்கு ஒரு புதிய கோப்புத் தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் எழுதும்போது கரண்ட் போய் அட்டையிலுள்ள முழுக் கோப்பும் கெடும்.

குறிப்புப் பத்தி ஒன்று விடுங்கள், அதைத் தமிழில் எழுத இடங்கொடுங்கள். ‘உறை மாற்றினோம்’, ‘சிலிண்டர் மாற்றினோம்’ என்று இரண்டு சொல் இருந்தால் பிறகு பார்ப்பவருக்கு ஒரு மணித்தியாலம் மிச்சம். 19ஆம் நூற்றாண்டில் மானிப்பாயில் கிறீன் வைத்தியர் மருத்துவக் கல்வியையே தமிழில் நடத்திய மண் இது. ஆனால் யூனிக்கோட் அல்லாத பாமினி எழுத்துருவில் தட்டினால் அந்தக் கோப்பில் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பைதான் இருக்கும். யூனிக்கோட்டில் தட்டி, யூ.ரி.எவ்-8 ஆகச் சேமிக்க வேண்டும்.

பதிவு சேர்ந்ததும் அதிலிருந்து வாசிக்கக்கூடிய மிகப் பெறுமதியான விடயம் மீள்நேரம். இடையறையைத் திறந்து ஒரு கட்டுத் தட்டு உள்ளே போகும்போது ஒட்சிசன் ஏறும், ஊக்கி அதைத் தின்னத் தின்ன இறங்கும். மில்லியனில் 500 இலிருந்து 100க்கு வர எத்தனை நிமிடம் என்று கிழமைக்கு ஒருமுறை கணக்கெடுங்கள். 10 நிமிடமாக இருந்தது 40 ஆனால் ஊக்கி களைத்துவிட்டது. நனைந்த ஊக்கியை 160 பாகை அடுப்பில் 2 மணித்தியாலம் வைத்தால் திரும்ப வேலை செய்யும். பக்டீரியா விடும் ஐதரசன் சல்பைட்டால் நஞ்சேறியது சூடாக்கியும் திரும்பாது. அடுப்பில் வைத்த பிறகும் மீள்நேரம் குறையாவிட்டால் புதிய ஊக்கி வாங்க வேண்டும், சல்பைட்டை உறிஞ்சும் கரியையும் மாற்ற வேண்டும். இரண்டு தொகுதி ஊக்கி வைத்து மாறி மாறிப் போடுவது நல்லது.

மீள்நேரம் கெடுவதற்கு இடையறையும் காரணமாகலாம். வெற்றிடப் பம்பி இடையறையை ஐந்திலொரு பங்கு அமுக்கத்துக்கு இறக்கி, நைதரசனால் நிரப்பி, இப்படி மூன்று தரம் செய்தால் எஞ்சும் ஒட்சிசன் 0.17%. பம்பி களைத்து ஐந்தில் இரண்டு பங்குக்குத்தான் இறக்க முடிந்தால், அதே மூன்று தரத்துக்குப் பின் 1.3% எஞ்சும், எட்டு மடங்கு. திரையில் இரண்டுக்கும் ‘முடிந்தது’ என்றே வரும். இடையறை அமுக்கத்தையும் பதியக் கேட்பது இதனால்தான்.

சிலிண்டர் அமுக்கத்தை மட்டும் கையால் எழுதினால் போதும், நாளுக்கு ஒருமுறை. 47 லீற்றர் சிலிண்டரில் ஒரு பார் இறங்கினால் 47 லீற்றர் வாயு போயிருக்கிறது. நாளுக்கு 3 பார் இறங்கியது 6 ஆனால் எங்கோ கசிவு. மூடிய ஏசி அறையில் அந்தக் கசிவு சேம்பரை மட்டுமல்ல, ஆளையும் பாதிக்கும். அறைச் சுவரில் ஒட்சிசன் 19.5%க்குக் கீழே போனால் அடிக்கும் தனி அலாரமும், 10% ஐதரசன் கலவை பாவிப்பவர்களுக்கு ஐதரசன் அலாரமும் கட்டாயம்.

சேம்பரின் அலாரத்துக்குத் தாமதம் வையுங்கள். ஒட்சிசன் மில்லியனில் 500ஐத் தாண்டி 10 நிமிடம் நின்றால், வெப்பநிலை ஒரு பாகை விலகி 15 நிமிடம் நின்றால் மட்டும் அடிக்கட்டும். கதவு திறக்கும் ஒவ்வொரு தரமும் அடித்தால் ஒரு கிழமைக்குள் யாராவது அதை நிறுத்திவிடுவார்கள், அவர்களைக் குறைசொல்ல முடியாது. இரவில் செய்தி சிம் அட்டை வழியே போகட்டும், கரண்ட் போனால் கட்டடத்தின் வைபையும் போய்விடும்.

செலவைப் பற்றி ஒரு வார்த்தை. எல்லா உணரியையும் கொழும்புப் பக்கம் அனுப்பி அளவுத்திருத்தம் செய்ய வேண்டியதில்லை. மற்றவற்றை ஒப்பிட வைத்திருக்கும் ஒரே ஒரு வெப்பமானியை வருடத்துக்கு ஒருமுறை ஹோமாகமையில் உள்ள அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் திணைக்களத்துக்கு அனுப்பிச் சான்றிதழ் பெற்று, மற்றவற்றை இங்கேயே அதனோடு ஒப்பிடலாம். அந்தச் செலவையும் உணரி மாற்றும் செலவையும் கருவி வாங்கும் ஆண்டிலேயே மூன்று வருடத்துக்கு ஒதுக்குங்கள். மருத்துவ ஆய்வுகூடங்களுக்கான ஐ.எஸ்.ஓ. 15189 நியமமும் முடிவைப் பாதிக்கக்கூடிய சூழல் நிலைகளைக் கண்காணித்துப் பதியும்படி கேட்கிறது. அங்கீகாரத்துக்கு விண்ணப்பிக்கும் நாளில் ஒரு வருடப் பதிவைத் திடீரென்று உண்டாக்க முடியாது.

கேள்விப்பத்திரத்தில் சேர்க்க ஒரு பந்தியைக் கீழே தருகிறோம். திருத்தியோ அப்படியேயோ எடுத்துக்கொள்ளலாம்.

“சேம்பரின் கட்டுப்பாட்டு உணரிகளிலிருந்து வேறான ஒட்சிசன் (சிற்றளவு வீச்சு, ஐதரசனாலும் காபனீரொட்சைட்டாலும் பாதிக்கப்படாத வகை), காபனீரொட்சைட்டு (அகச்சிவப்பு, 0 முதல் 20%, தானியங்கித் திருத்தம் நிறுத்தக்கூடியது), வெப்பநிலை (நான்கு வயர் பிளாற்றினம்), ஈரப்பதன் உணரிகளும், வாயு புகாத சுவர் இணைப்பியும், இடையறை அமுக்க உணரியும் வழங்கப்பட வேண்டும். பதிகருவி நிமிடத்துக்கு ஒரு தடவை, +05:30 நேரத்துடன், திறந்த சீ.எஸ்.வி. கோப்பில் பதிய வேண்டும். மின்சாரமின்றி 24 மணித்தியாலம் இயங்க வேண்டும். உணரிப் பழுதைப் பூச்சியமாகக் காட்டக் கூடாது. ஏற்றுக்கொள்ளும் சோதனையாக, சேம்பரின் மின்சாரத்தை 2 மணித்தியாலம் நிறுத்தி, அந்நேரப் பதிவு முழுமையாக இருப்பதை வழங்குநர் எம் முன்னிலையில் காட்ட வேண்டும். அதன் பின்னரே இறுதிக் கொடுப்பனவு.”

இங்ஙனம்,
ஆய்வுகூடக் கருவித் தொழில்நுட்பர்கள் சிலர்,
யாழ்ப்பாணம்.